காய்ந்த ரோட்டில் ஹீரோ... மழையில் ஜீரோ! உங்கள் கார் டயர் எந்த ரகம்?

2021 செப்டம்பர் 26. ரஷ்யாவின் சோச்சி நகரில் ஃபார்முலா 1 கார் பந்தயம். மொத்தம் 53 சுற்றுகள். கடைசிச் சில சுற்றுகளே பாக்கி. முதலிடத்தில் பறந்துகொண்டிருந்தவர், மெக்லாரன் அணியின் 21 வயது லாண்டோ நாரிஸ். அதுவரை அவர் ஒரு ஃபார்முலா 1 பந்தயத்தைக்கூட வென்றதில்லை. பின்னால் துரத்தி வந்தவரோ, 99 வெற்றிகளைக் கையில் வைத்திருந்த லூயிஸ் ஹாமில்டன்.

அப்போது மழை தூற ஆரம்பித்தது.

இருவர் காரிலும் இருந்தது காய்ந்த தரைக்கான டயர். 'உள்ளே வா, மழை டயர் மாட்டலாம்' என்று ஹாமில்டனை அணி அழைத்தது. முதலில் தயங்கிய அவர், அடுத்த முறை கேட்டுக்கொண்டார். நாரிஸ் மறுத்துவிட்டார். இன்னும் சில நிமிடங்கள் சமாளித்தால் முதல் வெற்றி. யாருக்குத்தான் நிறுத்த மனசு வரும்? ஆனால், தூறல் கனமழையானது. நாரிஸின் கார் சோப்பு போட்ட தரையில் கால்வைத்ததுபோல் வழுக்கிக்கொண்டு ஓடுபாதையை விட்டே வெளியேறியது. ஹாமில்டன் 100-வது வெற்றியைத் தொட்டார். நாரிஸுக்குக் கிடைத்தது ஏழாவது இடம். முதல் வெற்றிக்காக அவர் 2024 மே மாதம், மயாமி பந்தயம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அரை மணி நேரத்துக்கு முன் உலகிலேயே சிறந்த டயர்களில் ஒன்றாக இருந்தது, தண்ணீர் பட்டதும் உதவாத ரப்பர் வளையமாகிவிட்டது.

அதே ஹாமில்டன், தலைகீழ் பாடம்!

இதற்குச் சரியாக எட்டு வாரங்களுக்கு முன், ஆகஸ்ட் 1 அன்று ஹங்கேரியில் பந்தயம். மழையில் தொடங்கிய போட்டி, முதல் வளைவிலேயே கார்கள் மோதிக்கொண்டதால் நிறுத்தப்பட்டது. காத்திருந்த நேரத்தில் வெயில் வந்து பாதை மளமளவெனக் காய்ந்தது. மறுபடி தொடங்குவதற்கு முன் எல்லோரும் மழை டயரோடு ஒரு சுற்று வந்தார்கள். தரை காய்ந்திருப்பதைப் பார்த்த மற்ற அத்தனை பேரும் டயர் மாற்ற உள்ளே போய்விட்டார்கள். தொடக்கக் கோட்டில் ஹாமில்டனின் கார் மட்டும் தனியாக நின்றது.

அடுத்த சுற்றிலேயே அவரும் உள்ளே வந்து டயரை மாற்ற வேண்டியதாயிற்று. முதலிடத்திலிருந்து கடைசி இடத்துக்குப் போனார். பிறகு விரட்டி விரட்டி மூன்றாவதாக எல்லைக்கோட்டைக் கடந்தார். வெற்றி, எஸ்டபன் ஓகானுக்கு.

மழை டயர் காய்ந்த தரையில் ஏன் தோற்கிறது? காய்ந்த தரை டயர் மழையில் ஏன் சறுக்குகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால், உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரைப் பற்றியும் ஒரு முக்கியமான விஷயம் புரிந்துவிடும்.

உள்ளங்கை அளவு ரப்பர்

கார் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான். நான்கு டயருக்கும் சேர்த்து நான்கு உள்ளங்கை. பிரேக் பிடிப்பது, திரும்புவது, வேகமெடுப்பது எல்லாம் அந்த இடத்தை நம்பித்தான்.

காய்ந்த தரையில் அந்த இடம் முழுக்க ரப்பராக இருந்தால் கிரிப் அதிகம். அதனால்தான் பந்தயக் காரின் காய்ந்த தரை டயரில் பட்டனும் இருக்காது, பள்ளமும் இருக்காது. முழு மொட்டை. 'ஸ்லிக்' என்று அதற்குப் பெயர். அதன் ரப்பர், கொதிக்கும் தண்ணீரை ஒட்டிய சூட்டில்தான் நன்றாக வேலை செய்யும். அந்தச் சூட்டில் மென்மையாகி, தாரில் இருக்கும் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் புகுந்து பற்றிக்கொள்ளும்.

மழை பெய்தால் இரண்டு ஆதாரங்களும் போய்விடும். தண்ணீர் டயரைக் குளிர வைப்பதால் ரப்பர் விறைத்துவிடும். பள்ளமே இல்லாததால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல், டயருக்கும் தரைக்கும் நடுவே புகுந்துவிடும்.

மழை டயர் இதற்கு நேர் எதிர். மென்மையான ரப்பர், குறைந்த சூட்டிலேயே பிடிக்கும். மேலே ஆழமான பள்ளங்கள் தண்ணீரை வாரி வெளியே வீசும். ஃபார்முலா 1-க்கு டயர் தரும் பைரெல்லி நிறுவனத்தின் கணக்குப்படி, நீல நிறக் கோடு போட்ட முழு மழை டயர் ஒன்று, மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வெளியேற்றும். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் வாட்டர் கேன் நான்குக்கும் மேல், ஒரே நொடியில், ஒரே டயர்! பச்சைக் கோடு போட்ட 'இன்டர்மீடியட்' டயர், லேசான ஈரத்துக்கானது. அது நொடிக்கு 30 லிட்டர்.

ஆனால், இதே டயர் காய்ந்த தரையில் ஓடினால், பட்டன்கள் தனித்தனியாக நெளிய ஆரம்பிக்கும். நெளிய நெளியச் சூடேறும். மென்மையான ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்ந்துபோகும். பாதை காயும்போது ஓட்டுநர்கள் வேண்டுமென்றே ஓரத்து ஈரத்தைத் தேடிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அது டயரைக் குளிப்பாட்டும் வேலை.

அப்படியானால், சிறந்த மழை டயர் இருந்தால் எந்த மழையிலும் ஓட்டலாமா? அதற்கும் அதே 2021-ல் பதில் கிடைத்தது. ஆகஸ்ட் 29, பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயம். விடாத மழை. மணிக்கணக்கில் காத்திருந்து, பாதுகாப்பு காருக்குப் பின்னால் சில சுற்றுகள் மட்டும் ஊர்வலம்போல் போய்விட்டுப் போட்டியை முடித்தார்கள். பாதிப் புள்ளிகள்தான் கொடுக்கப்பட்டன. முன்னால் போகும் கார்கள் வாரியடித்த தண்ணீரில், பின்னால் வருபவருக்கு எதுவுமே தெரியவில்லை. உலகின் தலைசிறந்த ஓட்டுநர்கள், தலைசிறந்த டயர்கள் இருந்தும், மழைக்கு முன்னால் நிறுத்துவதுதான் சரி என்று ஆனது.

சாலை டயர் என்னும் சமரசம்

நமக்கு ஒவ்வொரு மழைக்கும் டயர் மாற்ற ஆள் கிடையாது. ஒரே டயர் சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் ஓட வேண்டும். அதனால் சாலை டயர் எப்போதும் ஒரு சமரசம்தான். அந்தச் சமரசம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் டயருக்கு டயர் வித்தியாசம்.

வேகமான கார்களுக்கான 'பெர்ஃபார்மன்ஸ்' டயர்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். மிஷெலின் நிறுவனத்தின் இரண்டு டயர்களை எடுத்துக்கொள்வோம். 'பைலட் ஸ்போர்ட் 4 எஸ்' டயரில் வெளிப்பாதிக்கு ஒரு ரப்பர், உள்பாதிக்கு வேறு ரப்பர். வளைவில் அதிக பாரம் தாங்கும் வெளிப்பக்கம் காய்ந்த தரைக்கு, சிலிக்கா கலந்த உள்பக்கம் ஈரத்துக்கு. நடுவில் ஆழமான நீளப் பள்ளங்கள். இரண்டு பருவத்துக்கும் தயாரான டயர்.

'பைலட் ஸ்போர்ட் கப் 2' வேறு ரகம். பந்தயப் பாதையில் ஓட்ட ஆசைப்படுபவர்களுக்கானது. சாலையிலும் சட்டப்படி ஓட்டலாம். பள்ளம் குறைவு, ரப்பர் அதிகம். காய்ந்த தரையில், சூடேறிய பிறகு முதல் டயரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். தேங்கிய தண்ணீரில் அதே டயர் சீக்கிரம் மிதக்கும். விலை அதிகம் என்பதால் மழையிலும் பாதுகாப்பு அதிகம் என்று நினைத்தால், கணக்கு தப்பாகிவிடும்.

போர்ஷே 911 காரில் 2019 முதல் ஒரு வசதி வந்திருக்கிறது. முன்சக்கரங்களுக்கு அருகே உள்ள சென்சார்கள், டயர் வாரியடிக்கும் தண்ணீரின் சத்தத்தை 'கேட்கும்'. சாலை நனைந்திருந்தால், 'வெட் மோட்'-க்கு மாறச் சொல்லி ஓட்டுநரை எச்சரிக்கும். அவ்வளவு விலை உயர்ந்த காருக்கே மழை என்றால் தனி ஜாக்கிரதை தேவைப்படுகிறது.

சத்தமில்லாமல் மாறும் டயர்

இப்போது நம் காருக்கு வருவோம். ஃபார்முலா 1-ல் இரண்டு, மூன்று நொடிகளில் மழை டயரைக் கழற்றி மொட்டை டயரை மாட்டுகிறார்கள். உங்கள் காரிலும் இதே மாற்றம் நடக்கிறது. ஆனால், மூன்று நான்கு வருடங்களில், பல ஆயிரம் கிலோமீட்டர்களில், யாருக்கும் சொல்லாமல் நடக்கிறது.

புது கார் டயரில் பள்ளத்தின் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். இந்தியச் சட்டப்படி கார் டயரில் குறைந்தபட்சம் 1.6 மி.மீ. இருக்க வேண்டும். 8 மி.மீ. டயர் தேய்ந்து 2 மி.மீ. ஆனால், தண்ணீரை வாங்கிக்கொள்ளும் இடம் நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்று அர்த்தம்.

காய்ந்த சாலையில் இது தெரியவே தெரியாது என்பதுதான் ஆபத்து. பட்டன் உயரம் குறைந்தால் அது நெளிவதும் குறையும். அதனால் தேய்ந்த டயர் காய்ந்த தரையில் புது டயர் அளவுக்கே பிடிக்கும். சில நேரம் அதைவிட நன்றாகக்கூடப் பிடிக்கும். 'பிரேக் நல்லாத்தானே பிடிக்குது... இன்னும் அஞ்சாயிரம் கிலோமீட்டர் ஓடும் சார்' என்று கடைக்காரர் சொல்வதை நாமும் நம்பிவிடுகிறோம். பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை அவர் சொன்னது உண்மையாகவே இருக்கும். அக்டோபரில், முதல் கனமழையில், முன்னால் போகும் லாரி திடீரென பிரேக் போடும்போதுதான் பொய்யாகும்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். காய்ந்த தாரில் நல்ல கிரிப் இருந்தால், பிரேக்கை அழுத்தியதிலிருந்து சுமார் 31 மீட்டரில் கார் நிற்கும். ஈரச் சாலையில் கிரிப் 0.8-லிருந்து 0.5 ஆகக் குறைந்தால் 50 மீட்டர். டயர் தேய்ந்து, தண்ணீரும் தேங்கி, கிரிப் 0.3 ஆனால் 84 மீட்டர். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு நொடி ஆகும். அதற்குள் 22 மீட்டர் போயிருப்பீர்கள் என்பது தனி.

கார் படகாகும் நொடி

டயருக்கு முன்னால் தண்ணீர் குவிந்து, வெளியேற வழியில்லாமல் டயரையே தூக்கிவிடுவதை 'ஹைட்ரோபிளேனிங்' என்கிறார்கள். அந்த நேரத்தில் கார், சாலையில் ஓடும் வண்டி இல்லை. தண்ணீரில் மிதக்கும் படகு. ஸ்டீயரிங் காற்றில் சுற்றுவதுபோல் லேசாகிவிடும். பிரேக் போட்டாலும் பயனில்லை.

சாதாரண கார் டயர், 3 மி.மீ. தண்ணீர் நிற்கும் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போனால், நொடிக்கு 12 லிட்டர் தண்ணீரைத் தள்ளியாக வேண்டும். வாட்டர் கேனில் பாதிக்கும் மேல், ஒவ்வொரு நொடியும்.

விமானங்கள் ஈரமான ஓடுபாதையில் சறுக்குவதை ஆராய்ந்த நாசா விஞ்ஞானிகள், 1960-களில் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார்கள். டயர் எந்த வேகத்தில் மிதக்கும் என்பது அதன் காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்பதே அதன் சாரம். அந்தச் சூத்திரத்தில் 32 பி.எஸ்.ஐ. என்று போட்டால், மிதக்கும் வேகம் சுமார் 94 கி.மீ. என்று வரும். 25 பி.எஸ்.ஐ. ஆனால் சுமார் 83 கி.மீ. விமான டயரை வைத்துப் போட்ட கணக்கு என்பதால், கார் டயரில் எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் பாடம் ஒன்றுதான்: காற்று குறைந்தால் இன்னும் சீக்கிரம் மிதக்கும். 'மழைக்காலத்துல காத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டா கிரிப் கூடும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வாங்கும்போது என்ன பார்ப்பது?

நாம் டயர் வாங்கும்போது முதலில் கேட்பது 'எவ்வளவு கிலோமீட்டர் ஓடும்?' என்பதைத்தான். அடுத்த கேள்வி, 'மழையில் எப்படிப் பிடிக்கும்?' என்று இருக்கட்டும்.

* பல டயர்களின் பக்கவாட்டில் 'டிராக்‌ஷன்' என்று எழுதி, பக்கத்தில் ஏஏ, ஏ, பி, சி என ஓர் எழுத்து இருக்கும். இது அமெரிக்கத் தரக் குறியீடு. இந்த எழுத்து, ஈரமான தரையில் நேராகப் பிரேக் போட்டுப் பார்த்துத் தருவது. ஏஏ என்றால் உச்சம்.

* ஐரோப்பாவில் 2012 முதல் டயர்களுக்கு லேபிள் உண்டு. அதில் மழை மேகம் படம் போட்ட பகுதிதான் ஈரத் தரைக்கான மதிப்பெண். அந்த லேபிளில் முதல் தரத்துக்கும் கடைசித் தரத்துக்கும் உள்ள வித்தியாசம், 80 கி.மீ. வேகத்தில் பிரேக் போட்டால் ஏறக்குறைய 18 மீட்டர். அதாவது, வரிசையாக நிற்கும் நான்கு சின்ன கார்களின் நீளம். இரண்டும் புது டயர்கள்தான்!

* இந்தியாவிலும் 2022-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதி கொண்டுவந்தது. டயர்களின் ஈரத் தரைப் பிடிப்பு, உருளும்போது ஏற்படும் தடை, சத்தம் ஆகிய மூன்றுக்கும் அளவுகோல் உண்டு.

* அதிக கிலோமீட்டர் ஓடும் டயரில் ரப்பர் பெரும்பாலும் கடினமாக இருக்கும். மழையில் பிடிக்க மென்மை வேண்டும். இந்த இழுபறியைச் சமாளிக்கத்தான், கார்பன் கரியோடு சிலிக்காவும் சேர்த்து டயர் செய்கிறார்கள். முழுப் பிரச்னையும் தீர்ந்துவிடவில்லை என்பதால், கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை

* ஒரு தீக்குச்சியை டயர் பள்ளத்துக்குள் விடுங்கள். மேல்மட்டத்தில் நகத்தால் பிடித்து, பிள்ளைகளின் ஸ்கேலில் வைத்து அளந்து பாருங்கள். வெளி ஓரம், நடு, உள் ஓரம் என மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். 3 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால் மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுவது நல்லது. 1.6 என்பது சட்டம் அனுமதிக்கும் கடைசிப் படி.

* பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால், டயரின் ஆயுள் முடிந்தது.

* பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்றிருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஓடாமல் நின்ற காரின் டயரில் பட்டன் நிறைய இருந்தாலும், வயதாக வயதாக ரப்பர் இறுகிவிடும்.

* காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். சரியான அளவு பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும்.

* இரண்டு டயர் மட்டும் மாற்றினால், புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். 'முன்னாடிதானே சார் போடணும்' என்பார்கள். முன் டயர் சறுக்கினால் கார் நேராகப் போகும். ஆக்ஸிலரேட்டரை விட்டால் சமாளிக்க வாய்ப்பு உண்டு. பின் டயர் சறுக்கினால் கார் பம்பரமாகச் சுற்றிவிடும்.

* டயரில் 'ரொட்டேஷன்' என்று அம்புக்குறியோ, 'அவுட்சைடு' என்ற எழுத்தோ இருந்தால், அதன்படியே மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். மாற்றி மாட்டினால், தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளங்கள் சரியாக வேலை செய்யாது.

பைக், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அந்த டயர் குறுகலாக, உருண்டையாக இருப்பதால் தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும். மிதக்கும் அபாயம் குறைவு. ஆனால் கார் சறுக்கினால் கார் சறுக்கும். பைக் சறுக்கினால் நாம் விழுவோம். சட்டம் சொல்லும் குறைந்தபட்ச ஆழம் இரு சக்கர வாகனத்துக்கு 0.8 மி.மீ. அதுவரை காத்திருக்காதீர்கள்.

மழையில் ஓட்டும்போது...

வெயில் காலத்துக்குப் பிறகு வரும் முதல் மழைதான் மோசமானது. மாதக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெய், தூசு, ரப்பர்த் துகள் எல்லாம் தண்ணீரோடு கலந்து குழம்பாகிவிடும். நன்றாகப் பெய்து கழுவிய பிறகு சாலை சற்று மேலாகும். பந்தய ஓட்டுநர்கள் இதை நன்கு அறிவார்கள். வெயிலில் எந்தத் தடத்தில் ரப்பர் படிந்து அருமையாகப் பிடிக்கிறதோ, மழையில் அதே தடம்தான் வழுக்கும். அதனால் வழக்கமான தடத்தை விட்டு விலகி ஓட்டுவார்கள். நமக்கு அப்படியான தடங்கள்: சிக்னல் முன்னால் உள்ள இடம், வெள்ளைப் பெயின்ட் அடித்த கோடுகள், மேம்பால இணைப்பில் இருக்கும் இரும்புப் பட்டைகள்.

முன்னால் போகும் காரின் டயர் தடம் தெரிந்தால், அதன் மேலேயே போங்கள். அங்கே தண்ணீர் கொஞ்சம் விலகியிருக்கும். க்ரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். ஸ்டீயரிங் திடீரென லேசானால், பிரேக்கை மிதிக்காதீர்கள், திருப்பவும் செய்யாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள். வேகம் குறைந்ததும் டயர் மறுபடி தரையைத் தொடும்.

இவை எல்லாவற்றையும்விட எளிய வழி, வேகத்தைக் குறைப்பதுதான். 80-லிருந்து 60-க்கு இறங்கினால், நிற்கத் தேவையான தூரம் கிட்டத்தட்ட பாதியாகக் குறையும். செலவும் கிடையாது.

பந்தய ஓட்டுநருக்கு 'உள்ளே வா' என்று காதில் சொல்ல ஓர் அணியே இருக்கிறது. நமக்கு அப்படி யாரும் இல்லை. டயரை நாமேதான் குனிந்து பார்க்க வேண்டும். ஒரு தீக்குச்சி, ஒரு ஸ்கேல், பத்து நிமிடம் போதும். மேகம் திரளும் முன்பே பார்த்துவிடுங்கள்!